கழலாத சட்டை

நாகபுரி என்னும் இவ்வூர்ப் பெயரைக் கேட்டதும், தென்னாட்டிலிருந்து வரும் உறவினர் பலர் "அங்கே பாம்புகள் மிகுதியோ?" என வினவுவதுண்டு. ஊருக்குப் பெயர் தந்தது நாகநதி என்னும் சிற்றாறே என்றும், பதினோராண்டுகளாக இங்கே இரயில்வே பார்சல் அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் நாம் ஆரஞ்சுக் கூடைகளை ஆயிரக்கணக்கில் கண்டிருக்கிறோமேயன்றிப் பாம்பு ஒன்றையும் கண்டதில்லை என்றும் விடையிறுப்பது நம் வழக்கம். 2025ஆம் ஆண்டுப் பொங்கல் திருநாள் முதல் அவ்விடையைச் சொல்ல இயலாதவராகிவிட்டோம்.

நம் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் அலுவலகத் தோழியாரான அம்மையார் ஒருவர் வாழ்கிறார். திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவர். கணவர் பணியிலிருக்கும்போதே காலமானதால், கருணை அடிப்படையில் வேலை பெற்று, ஒரே மகனைப் படிக்க வைத்து ஆளாக்கியவர். நாம் அவரை அக்கா என்றே அழைப்போம். மகன் தீபாவளி கழிந்ததும் புனே நகரில் வேலை கிடைத்துச் சென்றுவிட்டான். பொங்கலன்று மாலை, சர்க்கரைப் பொங்கலுடன் அவர் வீட்டிற்குச் சென்ற நாம், மகனுடைய அறையில் செந்நிற விளக்கொன்று எரிவதைக் கண்டோம்.

"தம்பி வந்திருக்கிறானா அக்கா?"

அக்காவின் முகம் சிறுத்தது. "அவன் வரலை. அவன் விட்டுட்டுப் போனதுதான் இருக்கு" என்றார்.

அறைக்குள் மூன்றடி நீளக் கண்ணாடிப் பெட்டி ஒன்று. அதன் கம்பிவலை மூடியின்மேல் அந்தச் சிவப்பு விளக்கு. பெட்டியின் மூலையில், ஈரத்தில் நனைந்து காய்ந்த பழைய செய்தித்தாளைச் சுருட்டிப் போட்டது போல ஏதோ கிடந்தது. உற்று நோக்கிய பிறகே அதற்குத் தலையுண்டு என்பது தெரிந்தது. உடலெங்கும் தோல் திட்டுத்திட்டாகக் கிழிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. இரு கண்களும் வெந்த மீனின் கண்களைப் போல வெளுத்திருந்தன. தண்ணீர்க் கிண்ணம் வறண்டு, அடியில் வெள்ளைப் படிவம் மட்டும் மிஞ்சியிருந்தது.

நடந்தது இதுதான். இப்பாம்பை மகன் 2021இல் குட்டியாக வாங்கி வளர்த்து வந்தான். புனேயில் அவன் தங்கிய விடுதியில் பிராணிகளுக்கு இடமில்லை. நண்பன் ஒருவன் வாரந்தோறும் வந்து எலியும் தண்ணீரும் வைப்பதாக ஏற்பாடு. அம்மாவிடம் அவன் கேட்டுக்கொண்டதோ, "விளக்கை மட்டும் அணைக்காதே" என்பது ஒன்றே. நண்பன் மூன்று வாரம் வந்தான். பிறகு அவனுக்கும் வெளியூரில் வேலை கிடைத்துவிட்டது. அக்காவுக்கு மூடியைத் திறக்கத் துணிவில்லை. ஆயினும் விளக்கை ஒரு நாளும் அணைக்கவில்லை. இரண்டு மாதத்திற்கும் மேலாக இரவும் பகலும் அஃது எரிந்தது. சொன்னதைத் தவறாமல் செய்தார். செய்யச் செய்யப் பாம்பு காய்ந்தது. மகன் தொலைபேசியில் கேட்கும்போதெல்லாம் "எல்லாம் நல்லாருக்கு" என்று சொல்லிவந்தார்.

ஏன் அவ்வாறு சொன்னீர் என்று அன்று நாம் கேட்கவில்லை. நமக்கும் ஊரில் தாயார் இருக்கிறார். நாமும் அவரும் ஞாயிறுதோறும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதும் அதே சொற்கள்தாம்.

மறுநாள் நாம் செய்த காரியத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, பாதி அச்சமும் பாதி வீரமுமாக மூடியைத் திறந்தோம். நஞ்சில்லாப் பாம்பு என்று மகன் சொல்லியிருப்பதாக அக்கா உறுதி கூறியிருந்தார். கிண்ணத்தில் நீர் ஊற்றினோம். அத்துடன் நிறுத்தியிருக்கலாம். பாம்பின் நடுவுடலில் தொங்கிக்கொண்டிருந்த தோல் துணுக்கைக் கண்டதும், சுவரில் உரிந்த சுண்ணாம்பைக் காண்பவன் கை சும்மா இராததுபோல, அதைப் பற்றி இழுத்தோம். ஒரு விரற்கடை அளவு வந்தது. அதன் கீழே சிவந்து, குருதி ஒரு துளி அரும்பி நின்றது. பாம்பு சீறவில்லை, கடிக்கவில்லை. தலையை உள்ளே வைத்துத் தன் உடலை அதன்மேல் இறுகச் சுற்றிப் பந்தாகிவிட்டது.

அவ்வாறு பந்தாவது அதன் இயல்பு என்பதையும், அதனாலேயே ஆங்கிலத்தில் அதற்குப் 'பால் பைத்தான்' என்று பெயர் வந்தது என்பதையும் பிறகே அறிந்தோம். நம் காடுகளில் உள்ள மலைப்பாம்பிற்கு இது தூரத்து உறவு. பெரும்பாலும் நான்கடி, ஐந்தடிக்கு மேல் வளராதது. மேற்கு, நடு ஆப்பிரிக்க நாடுகள் இதன் தாயகம். கானா, டோகோ, பெனின் ஆகிய நாடுகளிலிருந்து உலகெங்கும் ஏற்றுமதியாகி, இப்போது பல நாடுகளில் வீடுகளிலேயே பெருகுகிறது. நன்கு பேணினால் இருபது, முப்பது ஆண்டுகள் வாழும். அமெரிக்காவில் செயின்ட் லூயி விலங்குக் காட்சிச்சாலையில், அறுபது வயதைக் கடந்ததாகக் கருதப்பட்ட ஒன்று 2020ஆம் ஆண்டில் ஏழு முட்டைகள் இட்டது. வேலைக்குப் போகும் பிள்ளை விட்டுச் செல்லும் பொருள்களில் இத்தனை ஆயுள் உடையது வேறில்லை.

குருதித் துளியைக் கண்ட அக்கா, "வேண்டாம் தம்பி, யாராவது வைத்தியரைக் கேட்போம்" என்றார். மருத்துவரிடம் செல்லுமுன் நமக்கு இன்னொரு கவலை பிறந்தது. பாம்பைக் கூடையில் வைத்துத் தெருவில் போனால் காவலர் பிடிக்கமாட்டாரா? நல்ல பாம்பு, மலைப்பாம்பு, சாரை முதலான நம் நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அவை வீட்டிற்குள் வந்தால் வனத்துறைக்குச் சொல்ல வேண்டுமேயன்றி நாம் கைவைக்கக் கூடாது. அயல்நாட்டுப் பாம்பின் நிலை வேறு. அச்சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, 2024இல் விதிகள் வெளிவந்தன. பன்னாட்டு ஒப்பந்தப் பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிர்களை வைத்திருப்போர் 'பரிவேஷ்' என்னும் அரசு இணையதளத்தின் வழியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். கைமாறினாலும், குஞ்சு பொரித்தாலும், இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். பால் பைத்தான் அப்பட்டியலில் உள்ளது. பார்சல் கட்டண விதிகளையே பதினோராண்டுகள் படித்துப் பழகிய நமக்கு அவ்விதிகள் ஓர் இரவுக்குக் காணவில்லை. நற்பேறாக, மகன் காலத்தில் பதிவு செய்து, அத்தாளை மேசை இழுப்பறையில் வைத்துச் சென்றிருந்தான். பாம்பை மறந்தாலும் படிவத்தை மறக்கவில்லை. இரயில்வேக் குடும்பத்துப் பிள்ளையல்லவா!

ஊர்வனவற்றுக்கு மருத்துவம் பார்க்கும் கால்நடை மருத்துவர் ஒருவரை விசாரித்தறிந்து, தலையணை உறையில் பாம்பை இட்டு, மூங்கில் கூடையில் வைத்து எடுத்துச் சென்றோம். அவர் முதலில் எடை பார்த்தார். 1,040 கிராம். தீபாவளிக்கு முன் 1,300 இருந்தது என்பது மகனுடைய குறிப்பேட்டுக் கணக்கு. பூதக்கண்ணாடியால் செதில்களின் இடுக்குகளையும் கண்ணோரங்களையும் ஆராய்ந்து, உண்ணிகள் இல்லை என்றார். தோல் கழலாமற்போக அவையும் ஒரு காரணமாவதுண்டாம். தோலைக் கிள்ளிவிட்டு, மடிப்பு மெல்ல அமர்வதைக் காட்டி, "உடலில் நீரில்லை. இதுதான் நோய்" என்றார். பிறகு நடுவுடலில் இருந்த புண்ணைக் கண்டு, "இழுத்தது யார்?" என்று கேட்டார். நாம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அம்மருத்துவர் அன்று விளக்கியதை நினைவில் உள்ளவரை எழுதுகிறோம். பாம்பு சட்டை உரிப்பதை நாம் ஏதோ பழந்துணியைக் களைவது போல எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அஃது உள்ளிருந்து நடக்கும் வேலை. முதலில் பழைய தோலுக்கு அடியில் புதுத்தோல் முழுதாக உருவாகிவிடும். பின்னர் இரண்டுக்கும் இடையில் மெல்லிய நீர் ஊறி அவற்றைப் பிரிக்கும். அந்நாள்களில் பாம்பின் நிறம் மங்கும்; கண்கள் நீலம் கலந்த பால்நிறமாகும்; பார்வை குன்றுவதால் பாம்பு ஒளிந்து கிடக்கும், உணவை மறுக்கும். சில நாள் கழிந்து கண்கள் மீண்டும் தெளியும். தெளிந்த சில நாள்களில் மூக்கைக் கல்லிலோ கட்டையிலோ உரசி, உதட்டோரத்தில் தோலைப் பிளந்து, அதிலிருந்து ஊர்ந்து வெளியேறும். காலுறையைக் கழற்றுவது போல உட்புறம் வெளிப்புறமாகத் திரும்பி, வால்நுனி வரையில் ஒரே உருப்படியாக அது கழலும்.

பாம்பிற்கு இமை கிடையாது. அதன் கண்ணை மூடியிருப்பது கண்ணாடி போன்ற ஒரு செதில். சட்டை உரியும்போது அச்செதிலின் மேற்படலமும் கூடவே வந்துவிட வேண்டும். நல்ல சட்டையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் இரு கண்களின் இடத்திலும் சின்னஞ்சிறு கிண்ணங்கள் போல அவை தெரியும். காற்று வறண்டாலும், உடலில் நீர் குறைந்தாலும் இடையில் ஊறவேண்டிய நீர் ஊறாது. தோல் துண்டு துண்டாக ஒட்டிக்கொள்ளும். உடலில் ஒட்டினால் கேடு சிறிது. வாலில் ஒட்டினால் வளையமாக இறுகிக் குருதியோட்டத்தைத் தடுத்து, நுனி செத்துவிடும். கண்ணில் ஒட்டினால் பார்வையே போகலாம். அதனினும் கேடு, அதைக் கண்டவர் நகத்தாலோ இடுக்கியாலோ பிய்ப்பது. பழைய படலத்தோடு அடியிலுள்ள செதிலும் பெயர்ந்து வந்தால் அந்தக் கண் தப்பாது.

நம் பாம்பிற்கு இம்மூன்றும் நேர்ந்திருந்தன. இரு கண்களிலும் படலம். இடக்கண்ணில் இரண்டு முறைக்கான படலம் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கக்கூடும் என்றார். வால்நுனி அரை அங்குலம் கறுத்திருந்தது. "வால் நுனி போய்விட்டது, அது தானே உதிரும். கண்ணை இப்போது சொல்ல முடியாது" என்றார்.

தோலின்கீழ் நீர்மருந்து செலுத்தினார். புண்ணுக்கு மருந்தும், கண்ணுக்கு ஈரமூட்டும் களிம்பும் கொடுத்தார். பெட்டியின் நிழற்படத்தைக் காட்டியபோது அவர் சொன்னது நம் உள்ளத்தில் பதிந்தது. இப்பாம்பு வாழும் புல்வெளி வெயிலில் காய்வது உண்மைதான். ஆனால் பாம்பு வெயிலில் கிடப்பதில்லை. எலி வளையிலும் கறையான் புற்றிலும் பகலெல்லாம் பதுங்கியிருக்கும். வளைக்குள் மண்ணின் ஈரம் உண்டு. மேலே வெயில், கீழே ஈரம். அந்த அறையிலோ வெயில் மட்டும் இருந்தது, வளை இல்லை. போதாக்குறைக்கு நம்மூரின் குளிர்காலக் காற்று, உதடு வெடிக்கும் வறட்சி. மகனுடைய மேசையிலிருந்த ஈரமானியைப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தோம். நூற்றுக்குப் பதினெட்டு என்று காட்டியது. வேண்டுவதோ ஐம்பதிலிருந்து அறுபது. சட்டை உரிக்கும் காலத்தில் அதற்கும் மேல்.

அன்று மாலையே விளக்கை அகற்றினோம். அக்கா தம் கையாலேயே அணைத்தார். அணைத்த பின்னும் நெடுநேரம் அந்தப் பொத்தானையே பார்த்திருந்தார். பெட்டியின் ஒரு பக்கத்து அடியில் சூடு தரும் விரிப்பும், அதன் சூட்டை 32 பாகையில் நிறுத்தும் கருவியும் வாங்கி அமைத்தோம். மறுபக்கம் 26 பாகை. கம்பிவலை மூடியில் பாதியை மறைத்தோம். செடி விற்பவரிடம் தென்னை நார்த்தூள் வாங்கி, நனைத்துப் பிழிந்து பரப்பினோம். நெய் வந்த பிளாஸ்டிக் டப்பா ஒன்றின் பக்கத்தில் ஓட்டையிட்டு, உள்ளே ஈரப் பாசியை நிரப்பி வைத்தோம். அதுவே வளை. முதல் இரவே பாம்பு அதற்குள் புகுந்துகொண்டது.

இரண்டு நாளைக்கு ஒருமுறை குளியல். மூடியுள்ள அகன்ற தொட்டியில் 29 பாகைச் சூட்டில் நீர், பாம்பின் பருமனில் பாதியளவு ஆழம், இருபது நிமிடம்; கண்காணியாமல் அகலக் கூடாது. பின்னர் ஈரத்துண்டைத் தளர்வாகச் சுருட்டிப் பாம்பை அதனூடே ஊர்ந்து போகவிட வேண்டும். இழுப்பது நாமல்ல, துணியின் சொரசொரப்பில் அதுவே உரசிக் கழற்றிக்கொள்ளும். முதல் நாள் ஒன்றும் வரவில்லை. மூன்றாம் குளியலில் முதுகிலிருந்து உள்ளங்கை அகலத் துண்டு ஒன்று துண்டோடு தங்கிவிட்டது. அடியில் கருமையும் பொன்மஞ்சளுமாகப் புதுத்தோல் பளிச்சிட்டது. இவ்வளவு அழகையா இக்கந்தல் மூடியிருந்தது என வியந்தோம்.

இதற்குள் செய்தி குடியிருப்பெங்கும் பரவிற்று. அறிவுரைகளுக்குப் பஞ்சமில்லை. சனிக்கிழமைதோறும் நல்லெண்ணெய் தேய்த்தால் தோல் வழுக்கிக்கொண்டு வரும் என்றார் ஒரு பாட்டியார். மராட்டிய அண்டை வீட்டார் நாகபஞ்சமி நினைவில் செம்பு நிறையப் பால் கொண்டுவந்தார். எண்ணெய் செதிலை மூடி நாற்றமும் அழுக்கும் சேர்க்குமேயன்றி உதவாது என்பது மருத்துவர் கட்டளை. பாலோ பாம்பின் உணவே அன்று. நீரின்றித் தவிக்கும் பாம்புக்கு முன் அதை வைத்தால் குடித்துத் துன்புறும். பாட்டியாரிடம் "ஆகட்டும் பாட்டி" என்று சொல்லி எண்ணெயை வாங்கிக்கொண்டோம். அது நம் தலைக்கே பயன்பட்டது. பாலில் காப்பி போட்டு, கொண்டுவந்தவருக்கும் ஒரு குவளை கொடுத்தோம்.

இரண்டு வாரத்தில் உடல் தூய்மையாயிற்று. களிம்பின் உதவியால் வலக்கண்ணின் படலம் ஒரு குளியலின்போது தானே சுருண்டு விழுந்தது. இடக்கண் அசையவில்லை. ஒவ்வொரு நாளும் அதன் ஓரத்தில் படலம் சற்றே எழும்பி நிற்பதைக் காண்போம். நகநுனியால் ஒரு தட்டு, வந்துவிடும் போலிருக்கும். மருத்துவரிடம் கேட்டோம். "அடுத்த சட்டையோடு வரும். அதுவரை கையைக் கட்டிக்கொண்டிருங்கள்" என்றார். கையைக் கட்டிக்கொண்டிருப்பது எவ்வளவு பெரிய உழைப்பு என்பதை அந்த ஏழு வாரங்களில் அறிந்தோம்.

அதற்கிடையில் அக்கா மகனுக்கு உண்மையைச் சொல்லிவிட்டார். தொலைபேசியில் மறுமுனை நெடுநேரம் பேசவில்லை. குடியரசு நாள் விடுமுறைக்கு இரவு வண்டியில் அவன் வந்து இறங்கினான். பெட்டியின் முன் உட்கார்ந்து இடக்கண்ணைப் பார்த்தான். நாம் இழுத்த தழும்பைப் பார்த்தான். அதை யார் செய்தது என்று கேட்கவில்லை, நாமே சொன்னோம். பிறகு தாயிடம், "ஏம்மா எங்கிட்ட சொல்லலை?" என்றான்.

"வேலையை விட்டுட்டு வந்து நிப்பியோன்னு பயந்தேன்" என்றார் அக்கா.

அவன் ஒன்றும் சொல்லாமல் கிண்ணத்தை எடுத்துச் சென்று, குழாயடியில் வெகுநேரம் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான். அன்று மாலை, எலியை உறைபெட்டியிலிருந்து எடுத்து வெதுவெதுப்பாக்கிக் கொடுக்கும் முறையையும், பாம்பை இரு கைகளிலும் தாங்கி எடுக்கும் முறையையும் தாய்க்குக் கற்பித்தான். மூன்றாண்டுகளுக்கு மேலாக ஒரே கூரையின்கீழ் இருந்த உயிரை அக்கா அன்றுதான் முதன்முதலாகத் தொட்டார். "ஈரமா, வழுவழுன்னு இருக்கும்னு நெனச்சேன். உலர்ந்தில்ல இருக்கு!" என்றார். பிப்ரவரி முதல் வாரத்தில் அது எலியை உண்டது.

பங்குனித் தொடக்கத்தில் நிறம் மங்கிற்று. வலக்கண் நீலமாயிற்று. டப்பாவின் பாசியை நாள்தோறும் நனைத்து, ஈரமானி எழுபதுக்குக் கீழிறங்காமல் காத்தோம். இரவுப்பணி முடிந்து விடியற்காலையில் வந்தாலும் முதலில் கீழ்த்தளத்துக் கதவைத்தான் தட்டுவோம். ஒன்பதாம் நாள் அக்காவே மாடிப்படியில் நின்று அழைத்தார். பெட்டிக்குள் ஈர நார்த்தூளின்மேல், தலை முதல் வால் வரையில் ஒரே உருப்படியாகச் சட்டை கிடந்தது. அதை வெளிச்சத்தில் பிடித்துத் தேடினோம். வலக்கண் கிண்ணம் ஒன்று. இடப்பக்கத்தில் மற்றொன்று, தடித்து, மூன்று தாள் ஒட்டினாற்போல. அக்கா சட்டையை வாங்கிப் பார்த்தார். பிறகு பாம்பைப் பார்த்தார். இரு கண்களும் நம்மை நோக்கின.

பொருநராற்றுப்படையில் கரிகாலன் பொருநனுக்கு அளித்த ஆடையைப் பாம்பின் உரிக்கு ஒப்பிட்டிருக்கிறார் முடத்தாமக்கண்ணியார். பள்ளியிறுதி வகுப்பில் அதைப் படித்தபோது உவமையை மனப்பாடம் செய்தோம். இப்போதுதான் அத்துணியைக் கையில் தொட்டுப் பார்த்தோம். பாம்பின் நீளம் மூன்றே முக்கால் அடி. உரியின் நீளமோ நாலரை அடிக்கும் மேல். ஈரமாக உரியும்போது இழுபட்டு நீண்டுவிடும் என்பது மருத்துவர் தந்த விளக்கம். பார்சல் அலுவலகத்தில் இப்படி ஓர் உருப்படி உள்ளே வந்ததைவிட நீண்டு வெளியே போனால் நாம் விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

இடக்கண்ணில் மெல்லிய மங்கல் ஒன்று நிலைத்துவிட்டது. ஒளி தெரிகிறது, இரையையும் கண்டுகொள்கிறது. வால்நுனி உதிர்ந்து மழுங்கியிருக்கிறது. நடுவுடலில் நம் விரலடையாளம் போல் இரண்டு செதிலளவு வெளுப்பு இன்னும் இருக்கிறது. கடைசியாக எடை பார்த்தபோது 1,210 கிராம். பாம்பு அக்காவிடமே இருப்பது என முடிவாகி, கைமாற்றத்தைத் தெரிவிக்கும் படிவத்தை நாமே நிரப்பிக் கொடுத்தோம். அந்தச் சட்டையை அக்கா நான்காக மடித்துப் பஞ்சாங்கத்துக்குள் வைத்திருக்கிறார்.

இதனை எழுதும் இன்று கண்கள் மீண்டும் நீலமாகி ஐந்தாம் நாள். டப்பாவில் பாசி நனைக்க மாலையில் கீழே சென்றோம். அக்கா முன்னமே நனைத்துவிட்டிருந்தார்.